ஷாமியானா போட்டு நடந்த கதை

என் சிநேகிதி ஜெசிந்தா போன கோடையில் மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். குடித்தனத்தோடு அல்ல — நடப்பதற்கு மட்டும்.

ஹைதராபாத்தில் எங்கள் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் இது ஒன்றும் புதிதில்லை. காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு அபார்ட்மென்ட் உச்சியிலும் தலைகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒருவர், டிஷ் ஆன்டெனாவைச் சுற்றி ஒருவர், காயப்போட்ட வேட்டிக்கு அடியில் குனிந்து நிமிர்ந்து இன்னொருவர். கோயில் பிராகாரத்தைக்கூட இவர்கள் இத்தனை தரம் சுற்றியிருக்க மாட்டார்கள். ஏன் இந்த ஆகாய நடை? தரையில் இடமில்லை, அவ்வளவுதான்.

ஜெசிந்தாவும் நானும் மட்டும் தெருவை விடாமல் இருந்தோம். அவள் நாகர்கோவில்காரி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். நான் மதுரை — அது உங்களுக்கே தெரியும். வருஷக்கணக்காக தினமும் காலையில் இரண்டு பேரும் கைவீசி நடப்போம். மாமியார், மகள், மார்க், மீன் விலை... பேசாத சங்கதி கிடையாது. பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தப் பத்தியில் பாதி அந்த நடையில் பிறந்ததுதான். மீதிப் பாதி? அதுவும்தான்.

பிறகு மெட்ரோ ரயிலுக்காக நெடுஞ்சாலையைத் தோண்டினார்கள். தோண்டட்டும், நல்ல காரியம். ஆனால் ஹைடெக் சிட்டிக்குப் போகிற கேப் டிரைவர்களுக்கெல்லாம் எங்கள் தெரு ஒரு குறுக்குவழி என்று எப்படியோ தெரிந்துவிட்டது. ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வண்டிகள் விடியும் முன்பே பறக்க ஆரம்பித்தன. ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. அமெரிக்காவுக்கு லீவு விட்டால்தான் எங்கள் தெருவுக்கும் லீவு!

ஒரு நாள் பின்னால் வந்த வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி ஜெசிந்தாவின் முழங்கையில் மோதியது. மோதிய வண்டி நிற்கவே இல்லை. எலும்பில் விரிசல், மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த மறுநாள் காலையில் ஆசையாக அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“எக்கா, நான் இனி கீழ எறங்க மாட்டேன். ஹார்ன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்கி. எனக்கு மாடி போதும்.”

“நீ என்ன காக்காவாடி, மாடியிலயே கிடக்கிறதுக்கு?”

அவள் சிரிக்கவில்லை. “இவுங்க வேற வீடு பாக்காவ, கேட்டியளா? மியாப்பூர் பக்கம், கேட்டட் கம்யூனிட்டி. வெளி வண்டி ஒண்ணும் உள்ள வராதாம். உள்ளயே வாக்கிங் ட்ராக் இருக்காம். செவப்பு ரப்பர் போட்டு வச்சிருக்காவளாம்.”

பிழைக்க வந்த ஊரில், நாற்பது வயதுக்கு மேல், மனசு விட்டுப் பேச ஒரு ஆள் கிடைப்பது என்ன சாதாரண விஷயமா? வீடு மாறுகிறவர்கள் எல்லாரும் “அடிக்கடி வந்து போவோம்” என்றுதான் சொல்வார்கள். பிறகு புதுவருஷத்துக்கு எஸ்எம்எஸ் வரும்.

சிவப்பு ரப்பரிடம் தோற்பதா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று முடிவு செய்தேன்.

சரியாக அந்த நேரத்தில்தான் மாநகராட்சி எங்களைத் தேடி வந்தது. நகரத்தில் நடக்கிறவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் பெருக்குவதற்கு ஒரு திட்டம். எங்கள் வட்டாரத்தில் ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தத் தெருவில் ஞாயிறு காலையில் வண்டிகளுக்குத் தடை. அப்புறம் ஒழுங்கான நடைபாதை, அதை ஒட்டி சைக்கிளுக்குத் தனிப் பாதை. ஸ்வப்னா என்ற இளம் இன்ஜினீயர் காலனி சங்கத்துக்கு வந்து, தெலுங்கும் இங்கிலீஷுமாக இதையெல்லாம் விளக்கினாள். கண்ணில் உற்சாகம் தெரிந்தது. எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

“எந்தத் தெரு என்று எப்படி முடிவு செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

எங்கே ஏற்கெனவே நிறையப் பேர் நடக்கிறார்களோ அங்கே என்றாள். வருகிற ஞாயிறு ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை, தெருவின் இரு முனையிலும் இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்று தலை எண்ணுவார்களாம்.

நடைபாதை இல்லாததால் யாரும் நடப்பதில்லை. யாரும் நடக்காத தெருவுக்கு நடைபாதை கிடையாது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்! இதை எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். ஸ்வப்னா விழுந்து விழுந்து சிரித்தாள். “விதி அப்படித்தான் மேடம். நீங்கள் ஜனங்களை ஒரே ஒரு நாள் கீழே இறக்குங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் சங்கத்துச் செயலாளர் சுந்தரேசன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதே ஊரில் லோத்குண்டாவில் பிறந்து வளர்ந்த தமிழர். அப்பா காலத்திலேயே கன்டோன்மென்ட் பக்கம் வந்துவிட்ட குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி சார்மினாரிலிருந்து வந்திருக்கும்: ‘கைக்கு’ என்றால் எதற்கு, ‘நக்கோ’ என்றால் வேண்டாம், ‘ஹவ்’ என்றால் ஆமாம்.

“கைக்கு டென்ஷன் மேடம்? ஜனம்தானே வேணும்? பொங்கல் வடை போட்டா ஜனம் தன்னால எறங்கும். அப்புறம், ஆபீசரம்மா நம்ம தெருவுக்கு வராங்க. அவங்கள ரோட்டுல நிக்க வைக்கிறதா? நக்கோ நக்கோ! ஷாமியானா போட்டுடுவோம்.”

கமிட்டி முழுக்கக் கைதட்டியது. நானும்தான். அதிகாரி ஒருவர் வருகிறார் என்றால் நம் கை தானாகச் சால்வையைத் தேடும், இல்லையா? துணிப் பந்தல் சுந்தரேசன் சார் பொறுப்பு. டிபன் இரண்டாவது பிளாக் பெண்கள். வரவேற்புரை... வேறு யார்? அடியேன்தான்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அவர் மத்திய அரசு நிறுவனத்தில் இருக்கிறவர். வீட்டிலும் சர்க்குலர் மாதிரிதான் பேசுவார். “நடக்கிறதுக்கு எதுக்கு நூறு சேர்?” என்றார். நல்ல காரியத்துக்குக் குறுக்கே பேசாதீர்கள் என்று அவரை அடக்கி வைத்தேன்.

ஞாயிறு காலை. தெருவின் முகப்பில் இந்தக் காம்பவுண்ட் சுவருக்கும் அந்தக் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவில், சிவப்பும் மஞ்சளுமாக ஷாமியானா. கீழே பிளாஸ்டிக் சேர்கள். மைக். மிளகு தாளித்த வாசனை. சுந்தரேசன் சார் சொன்னது சொன்னபடி நடந்தது. காலனியே இறங்கி வந்துவிட்டது. மொட்டை மாடிகள் முதன்முறையாகக் காலி. ஒன்றைத் தவிர. மூன்றாம் பிளாக் உச்சியில் ஜெசிந்தாவின் தலை மட்டும் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள். இறங்கவில்லை.

ஸ்வப்னா வந்தாள். உட்கார வைத்தோம். பூங்கொத்து கொடுத்தோம். சுடிதார் மேல் பொன்னாடை போர்த்தினோம். சுந்தரேசன் சார் பேசினார். அப்புறம் நான். நடையின் பெருமையைப் பற்றி நான் அன்றைக்குப் பேசிய பேச்சு இருக்கிறதே... அபாரம்! சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு, மனசு என்று ஒன்றையும் விடவில்லை. ஜனங்கள் வடையைத் தட்டில் வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

மைக்கை வைத்துவிட்டு வந்து பெருமிதத்தோடு ஸ்வப்னா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் காதருகே குனிந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

“மேடம்... மீரெவரூ நடவரா?”

நீங்கள் யாருமே நடக்க மாட்டீர்களா என்கிறாள்.

திரும்பிப் பார்த்தேன். தெரு முனையில் அந்தக் கல்லூரிப் பெண் அட்டையும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தாள். அடுத்த முனையிலும் அப்படியே. சைக்கிள் கணக்கில் பால்காரர் ஒருவர். நடப்போர் கணக்கில் யாருமே இல்லை. ஒரு நாய் குறுக்கும் நெடுக்கும் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அதை எழுத அட்டையில் இடமில்லை. நடப்பதற்காகக் கீழே இறங்கி வந்த காலனி மொத்தமும், நடையைப் பற்றிய பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தேன். “எல்லாரும் எந்திரிங்க! நடங்க! எட்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு!”

நெய்ப் பொங்கல் சாப்பிட்டவனை யாரால் எழுப்ப முடியும்? “ஹவ் மேடம், ஹவ்... காபி ஒண்ணு வந்துடட்டும்” என்றார் சுந்தரேசன் சார், வலிக்காமல்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மியாப்பூர் சிவப்பு ரப்பர் கண் முன்னால் விரிந்தது.

அப்போதுதான் மூன்றாம் பிளாக் படியிலிருந்து ஜெசிந்தா வந்தாள். மாடியில் நடக்கும் அதே ரப்பர் செருப்பு. ஓடி வந்த மூச்சு.

“எக்கா, ஒரு வண்டியும் உள்ள வரல்ல, கவனிச்சியளா? நான் மேல இருந்து பாத்துட்டே இருக்கேன். முக்குல திரும்புதான், ஷாமியானாவப் பாக்கான், சத்தமே போடாம ரிவர்ஸ் எடுத்துட்டுப் போறான். எல்லாவனும்! ஒரு ஹார்ன் இல்ல!”

அட, ஆமாம்! மைக்கில் கத்திக்கொண்டிருந்த எனக்கு அந்த அமைதி எப்படித் தெரியும்? தெரு முழுக்க, ஷாமியானாவுக்கு அந்தப் பக்கம், காலியாகக் கிடந்தது. அடுத்த முனையிலிருந்து நுழைந்து பார்த்த வண்டிகளும் தூரத்துப் பந்தலைக் கண்டு திரும்பியிருக்கின்றன.

ஜெசிந்தா நடந்தாள். முதலில் முழங்கையைப் பிடித்தபடி, ஓரமாக. பால் பூத் தாண்டியதும் கையை விட்டாள். அப்புறம் நடுத்தெருவுக்கு வந்தாள். அவள் மகள் ஷெரின் ஒன்பதாவது படிக்கிறாள். வீட்டில் தமிழில் என்ன கேட்டாலும் தெலுங்கில்தான் பதில். “மம்மி, நேனு கூடா!” என்று கத்திக்கொண்டே, படிக்கட்டுக்கு அடியில் தூசி படிந்து கிடந்த சைக்கிளை இழுத்துக்கொண்டு வந்தாள். நானும் வருகிறேன் என்கிறாள். அந்த மணிச் சத்தம் கேட்டதுதான் தாமதம். எந்தெந்தப் பிளாக்கிலிருந்தோ சைக்கிள்கள் புறப்பட்டன. பிள்ளைகளைப் பார்த்து அம்மாக்கள் எழுந்தார்கள். அம்மாக்களைப் பார்த்து வெட்கப்பட்டு அப்பாக்கள் எழுந்தார்கள். நான் மைக்கைப் பிடித்தபடி நூறு காலி சேர்களுக்கு முன்னால் நின்றேன். என் பேச்சைக் கேட்க ஆளில்லாமல் போனதற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

ஆனால் எட்டு மணி அடித்துவிட்டது. கணக்கு கணக்குதானே? ஸ்வப்னா அட்டைகளை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இது போதாது என்றாள். ஆனால் நல்ல பெண். வண்டியை நிறுத்தினால் இந்தத் தெரு நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன், மேலதிகாரியிடம் பேசி அடுத்த ஞாயிறு ஒரு சோதனை வைக்கிறேன், முறைப்படி எங்கள் தடுப்புகளைப் போடலாம் என்று சொன்னாள். சொன்னபடியே செய்தாள்.

அடுத்த ஞாயிறு இரும்புத் தடுப்புகள் வந்து இறங்கின. ‘ஆறு மணி முதல் ஒன்பது மணிவரை வாகனங்கள் வரக்கூடாது’ என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பலகை. சேர் இல்லை, மைக் இல்லை, பொங்கல் இல்லை. பாடம் கற்றுக்கொண்டோமே! ஒன்பது மணி சர்ச்சுக்கு முன்னால் ஒரு நடை போகலாம் என்று ஜெசிந்தாவும் இறங்கி வந்தாள். பழையபடி கைவீசிக்கொண்டு, மாமியார் பேச்சை ஆரம்பித்து, பாதித் தெரு போயிருப்போம்...

பின்னால் ஹார்ன்.

ஒரு கேப் டிரைவர் இறங்கி, தன் வீட்டு கேட்டைத் திறப்பதுபோலத் தடுப்பை ஓரமாக நகர்த்திவிட்டு, மறுபடி ஏறி ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் திறந்த வழியில் பின்னால் ஒரு வரிசையே வந்தது. ஜெசிந்தா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு கை மறு முழங்கையை இறுகப் பிடித்திருந்தது.

“நான் மேல போறேன்க்கா. சாயங்காலம் மியாப்பூர் போயி அந்த வீட்ட முடிச்சிருவோம்னு இவுங்க சொல்லுதாவ. நானும் சரின்னுட்டேன்.”

அவள் படியேறிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வண்டிகளின் முன்னால் போய்ப் படுத்திருப்பேன். ஆனால் மதுரைக்காரிக்குக் கோபம் வந்தால் கூடவே புத்தியும் கொஞ்சம் வரும்.

போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன வித்தியாசம்? இந்த வாரம் நின்றது இரும்பு. அரசாங்க இரும்பு. ஒற்றைக் கையால் தள்ளிவிட்டார்கள். போன வாரம் தொங்கியது வெறும் துணி. அதை யாரும் தொடக்கூட இல்லை.

யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் சிவப்பு விளக்குக்கு நிற்காதவர்கள் உண்டு. விசிலுக்கு நிற்காதவர்கள் உண்டு. ஷாமியானாவுக்கு நிற்காதவர் உண்டா? ஏனென்றால் அதன் கீழே ஒன்று கல்யாணம் இருக்கும், இல்லையென்றால் சாவு இருக்கும். இரண்டிலும் போய் யாரும் ஹார்ன் அடிக்க மாட்டார்கள். சட்டத்தை மதிக்கச் சொன்னால் நாம் ஆயிரம் கேள்வி கேட்போம். இன்னொருவர் வீட்டு விசேஷத்தை மட்டும் கேள்வி கேட்காமல் மதிப்போம். அது நம்மிடம் இருக்கும் நல்ல குணம். அதை ஏன் பயன்படுத்தக்கூடாது?

நேராக சுந்தரேசன் சார் வீட்டுக்கு ஓடினேன். லுங்கியும் வாயில் டூத் பிரஷ்ஷுமாகக் கதவைத் திறந்தார்.

“சார், உடனே ஷாமியானா போடணும்!”

“கைக்கு மேடம்? யார் வராங்க?”

“யாரும் வரல.”

“டிபன்?”

“கிடையாது.”

“சேர் எத்தன சொல்லட்டும்?”

“நக்கோ!” என்றேன். இத்தனை வருஷ ஹைதராபாத் வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

டென்ட் ஹவுஸ் எங்கள் காலனியிலேயே இருக்கிறது. நான்கு கம்பு, நான்கு கயிறு, ஒரு துணி. பல் தேய்த்து முடிப்பதற்குள் கட்டிவிட்டார்கள். மாநகராட்சித் தடுப்புக்குப் பின்னால் சிவப்பும் மஞ்சளுமாக ஷாமியானா. கீழே ஒருவரும் இல்லை. முனையில் திரும்பிய முதல் கேப் பந்தலைப் பார்த்தது. நின்றது. மரியாதையாக ரிவர்ஸ் எடுத்தது.

சோதனையைப் பார்க்க வந்த ஸ்வப்னா முதலில் முழித்தாள். விஷயத்தைச் சொன்னதும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் முகம் வாடியது. “மேடம், ஃபைலில் ஷாமியானா என்று எப்படி எழுதுவேன்?”

“‘தற்காலிகத் துணித் தடுப்பு’ன்னு எழுதலாமே,” என்றார் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர். “ஆம்புலன்ஸ் வந்தா அவுக்கறதுக்கு ஒரு பக்கக் கயித்த வாட்ச்மேன் பொறுப்புல விடணும். அதையும் சேத்து எழுதிக்குங்க.” அதையே அவர் இங்கிலீஷில் திருப்பிச் சொல்லச் சொல்ல, ஸ்வப்னா அப்படியே எழுதிக்கொண்டாள். இத்தனை வருஷ சர்க்குலர் வாசனைக்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது. அதைக் கவனித்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் பிளாக்குக்கு ஏறி, ஜெசிந்தாவின் கதவைத் தட்டினேன். “வரமாட்டேன்க்கா” என்று உள்ளேயிருந்தே குரல் வந்தது.

“வர வேணாம். ஜன்னல் வழியா எட்டி மட்டும் பாருடி.”

ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் செருப்பைத் தேடும் சத்தம்.

அன்று ஒன்பது மணி சர்ச்சுக்கு அவள் தாமதமாகத்தான் போனாள். ஆண்டவர் மன்னிப்பார். சாயங்காலம் மியாப்பூர் கிளம்பிய கணவரிடம் அவள் சொன்னதை ஷெரின்தான் எனக்கு ஒப்பித்தாள். அதிசயமாகத் தமிழிலேயே: “தெருவையே கேட்டட் கம்யூனிட்டி ஆக்கியாச்சு, பொறவு அங்க எதுக்கு?”

அன்றைய தலைக்கணக்கு போதுமென்று எங்கள் தெரு தேர்வாகிவிட்டது. நடைபாதைக்கான கல் வந்து இறங்கி, ஒரு பக்கம் பதிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். சைக்கிள் பாதை அடுத்து வருமாம். வரும், நான் விடப்போவதில்லை. உங்கள் காலனியிலும் மாநகராட்சி தலை எண்ண வந்தால் தயவுசெய்து சால்வையை பீரோவிலேயே வையுங்கள். செருப்பை மாட்டுங்கள். ஒரு ஷாமியானாவை மட்டும் மறக்காதீர்கள்.

போன ஞாயிறு நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு கேப் டிரைவர் பந்தலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி எங்களிடம் கேட்டார்: “க்யா ஹை அம்மா? ஷாதி... யா மய்யத்?”

கல்யாணமா, சாவா என்கிறார்.

ஹார்ன் சத்தத்துக்கே சுவரோடு ஒட்டிய ஜெசிந்தா, நடுத்தெருவில் இடுப்பில் கைவைத்து நின்று, தன் நாகர்கோவில் இந்தியில் பதில் சொன்னாள்: “தோனோ நை பையா. ஹம் சல்ரே!”

இரண்டும் இல்லை அண்ணா, நடக்கிறோம்.

அவர் வெறும் பந்தலைப் பார்த்தார். வியர்த்து நின்ற எங்களைப் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்த சைக்கிள்களைப் பார்த்தார். “முபாரக் அம்மா” என்று மனதார வாழ்த்திவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆமாம்... விசேஷம்தானே!